கிளான்ஸ் நிறுவும்போது: வாசகர் கேள்வி - பதில்

ஓப்பன்ஸ்டாக் கிளவுடில் இமேஜ்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை எழுப்ப உதவும் தயார் டிஸ்க் கோப்புகளை, காத்து வைத்து, கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் சேவையின் பெயர் கிளான்ஸ். இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றியவை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; அமைப்புப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

கே: உபுண்டு 24.04 போட்ட மூன்று சர்வர்களில் ஓப்பன்ஸ்டாக் பழகுகிறோம். கீஸ்டோன் (அடையாளம் சரிபார்க்கும் சேவை) ஓடுகிறது. அடுத்து கிளான்ஸ். எந்த வரிசையில் செய்தால் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்காது?

ப: கிளான்ஸ் சிறிய சேவைதான். அதைச் சுற்றி நான்கு பேரோடு அது ஒத்துப்போக வேண்டும்: தரவுத்தளம், கீஸ்டோன், மெம்கேஷ்டு (நினைவகத்தில் தற்காலிகமாகச் சேமிக்கும் சேவை), இமேஜ் கிடக்கும் டிஸ்க். நிறுவும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்கு இணைப்புகளில்தான் இருக்கும். அதனால் இணைப்புகளை முதலில் முடித்துவிட்டு, பேக்கேஜைப் பிறகு போடுங்கள்.

முதலில் மரியாடிபியில் கிளான்ஸ் என்ற பெயரில் தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். கிளான்ஸ் என்ற பயனருக்கு அதன் மேல் முழு உரிமை கொடுங்கள். இந்த உரிமையை லோக்கல்ஹோஸ்டுக்கு ஒரு தடவை, எல்லா முகவரிக்கும் பொருந்தும் சதவீதக் குறிக்கு ஒரு தடவை என இரண்டு முறை கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால், கையால் இணைத்துப் பார்க்கும்போது வேலை செய்யும். சேவை இணைக்கும்போது மறுக்கப்படும். கடவுச்சொல்லை 'ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட் -ஹெக்ஸ் 10' என்ற கட்டளையால் எடுங்கள். இந்தச் சொல் ஒரு இணைய முகவரி வடிவத்துக்குள் போய் உட்காரப் போகிறது. அதில் அட் குறி, சாய்கோடு, ஹாஷ் குறி, சதவீதக் குறி, டாலர் குறி ஏதாவது இருந்தால் முகவரி நடுவில் உடையும். ஹெக்ஸ் எழுத்துகளில் அந்தத் தொல்லையே இல்லை.

அடுத்து கீஸ்டோனில் கிளான்ஸ் பயனர். அவருக்கு சர்வீஸ் என்ற புராஜெக்டில் அட்மின் பங்கு. பிறகு 'இமேஜ்' வகையில் ஒரு சேவைப் பதிவு. அதற்குப் பப்ளிக், இன்டர்னல், அட்மின் என மூன்று எண்ட்பாயிண்ட்கள் (சேவையை அழைக்கும் முகவரிகள்). மூன்றுமே கன்ட்ரோலரின், அதாவது இந்தச் சேவைகள் ஓடும் சர்வரின், 9292 போர்ட்டைக் காட்ட வேண்டும். எண்ட்பாயிண்டில் தவறாகத் தட்டிவிட்டுப் புதிதாக இன்னொன்று சேர்ப்பவர்கள் பழையதை அழிக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு நோவா (மெய்நிகர் கணினிகளை எழுப்பும் சேவை) எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. எண்ட்பாயிண்ட் பட்டியலை எடுத்து, இமேஜ் சேவைக்குச் சரியாக மூன்று வரி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது பேக்கேஜைப் போட்டு, /ஈடிசி/கிளான்ஸ்/கிளான்ஸ்-ஏபிஐ.கான்ஃப் கோப்பைத் திறங்கள். டேட்டாபேஸ் பகுதியில் கனெக்ஷன் வரி. கீஸ்டோன் ஆத்டோக்கன் பகுதியில் 5000 போர்ட் முகவரி, 11211 போர்ட்டில் மெம்கேஷ்டு, பயனர் பெயர், கடவுச்சொல், இரண்டு டொமைன் பெயர்கள். அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேறு வரிகள் இருந்தால் அவற்றைக் குறிப்பாக்கி ஒதுக்கிவிடுங்கள். பேஸ்ட் டிப்ளாய் பகுதியில் ஃப்ளேவர் கீஸ்டோன் என்று இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கீஸ்டோனின் அடையாளச் சோதனை நடக்காது.

சேமிப்பிடம் சொல்லும் முறை மாறியிருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் ஸ்டோர்ஸ், டிஃபால்ட் ஸ்டோர் என்று இருக்கும். இப்போது டிஃபால்ட் பகுதியில் (இந்தப் பகுதிப் பெயர் மட்டும் முழுதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) எனேபிள்ட் பேக்கெண்ட்ஸ் என்ற வரிக்கு 'எஃப்எஸ்:ஃபைல்' என்று கொடுக்க வேண்டும்; கிளான்ஸ் ஸ்டோர் பகுதியில் டிஃபால்ட் பேக்கெண்ட் எஃப்எஸ்; பிறகு எஃப்எஸ் என்ற பெயரிலேயே தனிப் பகுதி திறந்து அதில் /வார்/லிப்/கிளான்ஸ்/இமேஜஸ் பாதை. இரண்டு முறையையும் கலக்காதீர்கள். 9191 போர்ட்டில் ரெஜிஸ்ட்ரி சேவையை ஓட்டச் சொல்லும் வழிகாட்டி கையில் கிடைத்தால் அதை மூடி வையுங்கள். 2018இல் வந்த குயின்ஸ் பதிப்பிலேயே ரெஜிஸ்ட்ரி கைவிடப்படுவதாக அறிவித்துவிட்டார்கள். பிறகு நீக்கியும் விட்டார்கள்.

அதன்பின் 'கிளான்ஸ்-மேனேஜ் டிபி_சிங்க்'. இதை ரூட்டாக நேரடியாக ஓட்டாமல், 'எஸ்யூ' வழியாகக் கிளான்ஸ் பயனராக ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் /வார்/லாக்/கிளான்ஸ் உள்ளே பதிவுக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகப் பிறந்துவிடக்கூடும். பிறகு சேவை எழும்போது தன் பதிவுக் கோப்பிலேயே எழுத முடியாமல் விழும்; விழுந்த காரணமும் அதில் பதிவாகாது.

சேவையை மீண்டும் தொடங்கி, சோதனைக்கான சிறிய லினக்ஸான சிர்ரோஸ் 0.4.0 இமேஜை ஏற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 12 எம்பிதான். டிஸ்க் வடிவம் க்யூகவ்2, கன்டெய்னர் வடிவம் 'பேர்' (மேலுறை ஏதும் இல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). நிலை க்யூட், சேவிங், ஆக்டிவ் என்று மாறி ஆக்டிவில் நிற்க வேண்டும். க்யூட் என்பதிலேயே நின்றால் பதிவு மட்டும் உருவாகியிருக்கிறது, தரவு வந்து சேரவில்லை என்று பொருள். ஒதுக்கீட்டு வரம்புக்கான ஓஸ்லோ லிமிட் பகுதியை முதல் நாளில் தொட வேண்டாம். இமேஜ் ஆக்டிவ் ஆன பிறகு தனியாகச் செய்யலாம்.

கே: இமேஜ் பட்டியல் வருகிறது. ஏற்றும்போது மட்டும் '410 கான்' என்ற பிழை. இமேஜ்களுக்கென்று புதிதாக 500 ஜிபி டிஸ்க் சேர்த்ததிலிருந்து இப்படி.

ப: பட்டியல் வருகிறது என்றால் தரவுத்தளமும் கீஸ்டோனும் நன்றாக இருக்கின்றன. 410 உடன், ஸ்டோரில் இமேஜ் சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற வாசகமும் வந்திருக்கும். கிளான்ஸ் எழும்போதே சேமிப்புக் கோப்புறையில் தன்னால் எழுத முடிகிறதா என்று பார்க்கும். முடியாவிட்டால் எழுதும் வேலையை முடக்கிவிட்டு, படிக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்துவிடும்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதிய டிஸ்கை ஃபார்மட் செய்து மவுண்ட் செய்தால் அதன் உச்சிக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தம். கீழே இருந்த பழைய கோப்புறையின் உரிமை மறைந்துபோகும். மவுண்ட் ஆன நிலையில் 'சோன் -ஆர் கிளான்ஸ்:கிளான்ஸ்' கொடுத்துவிட்டு, கிளான்ஸ்-ஏபிஐ சேவையை மறக்காமல் மீண்டும் தொடங்குங்கள். சோதனை தொடக்கத்தில் மட்டும் நடப்பதால், உரிமையை மாற்றியது ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்குத் தெரியாது. ரெட்ஹாட் வகைச் சர்வர் என்றால் 'ரெஸ்டோர்கான் -ஆர்' கட்டளையும் தேவை. இரண்டு கட்டளைகளிலும் 'ஆர்' மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சர்வர் மறுதொடக்கத்தில் இந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனால், கிளான்ஸ் அடியில் உள்ள பழைய கோப்புறையைப் பார்க்கும். பழைய இமேஜ்கள் காணாமல் போனதாகச் சொல்லும். புதியவற்றைச் சிஸ்டம் டிஸ்கில் கொட்டும். கிளான்ஸ்-ஏபிஐயின் சிஸ்டம்டி அமைப்பில் 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' வரியில் அந்தப் பாதையைக் கொடுத்தால், டிஸ்க் வராமல் சேவை எழாது. இந்த வரியில் மட்டும் அடிக்கோடும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து.

மற்ற எண்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 401 அல்லது 503 வந்து, பதிவுக் கோப்பில் ஐடென்டிட்டி சர்வர் மறுத்ததாக ஒரு வரி இருந்தால், கான்ஃப் கோப்பில் உள்ள கிளான்ஸ் பயனரின் கடவுச்சொல்லைப் பாருங்கள்; உங்கள் கடவுச்சொல்லில் குற்றமில்லை. 413 வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. டிஸ்க் நிறைந்திருக்கலாம். வரம்பு தாண்டியிருக்கலாம். முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அது இயல்பாக 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. சிர்ரோஸே ஏறவில்லை என்றால் என்ஜின்எக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

கே: உபுண்டு தளத்திலிருந்து இறக்கிய .ஐஎம்ஜி கோப்பை 'ரா' வடிவம் என்று ஏற்றினேன். ஆக்டிவ் ஆகிவிட்டது. மெய்நிகர் கணினியின் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கிறது.

ப: கோப்பின் வாலைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்ததுதான் பிழை. உபுண்டுவின் கிளவுட் இமேஜ்கள் .ஐஎம்ஜி என்று முடிந்தாலும் உள்ளே இருப்பது க்யூகவ்2. அதை ரா என்று சொன்னால், கோப்பின் முதல் பைட்டே டிஸ்கின் முதல் பைட் என்று எடுத்துக்கொள்ளப்படும். அங்கே இருப்பதோ க்யூகவ்2இன் தலைப்பு. பூட் நிரலைத் தேடும் பயாஸ் வெறுங்கையோடு திரும்பும். சொன்ன வடிவமும் உள்ளிருப்பதும் பொருந்துகின்றனவா என்று புதிய பதிப்புகள் ஏற்றும்போதே பார்க்கின்றன; பழையவை நீங்கள் சொன்னதை அப்படியே நம்பும்.

ஏற்றும் முன் 'க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி இன்ஃபோ' ஓட்டுங்கள். ஃபைல் ஃபார்மட் என்ற வரியில் வருவதுதான் உண்மை வடிவம். அதற்கு அடுத்த வரியில் வரும் வர்ச்சுவல் சைஸையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு 600 எம்பியாகத் தெரிந்தாலும் விரிந்தால் சில ஜிபி ஆகும். ஃப்ளேவரின் (கணினிக்கு ஒதுக்கும் டிஸ்க், நினைவக அளவுத் திட்டத்தின்) டிஸ்க் அதைவிடச் சிறியதாக இருந்தால் நோவா மறுத்துவிடும். அந்த அளவை முழு ஜிபியாக மேல்நோக்கி ஏற்றி, இமேஜின் மின் டிஸ்க் (குறைந்தபட்ச டிஸ்க்) பண்பில் எழுதிவிட்டால், பொருந்தாத ஃப்ளேவரை எடுப்பவர்கள் தொடக்கத்திலேயே தடுக்கப்படுவார்கள். மின் டிஸ்க் ஜிபியில், மின் ராம் எம்பியில். இரண்டையும் ஒரே அலகு என்று நினைத்து மின் ராமில் 2 என்று எழுதினால் அது 2 எம்பிதான்.

ஏறிய இமேஜின் வடிவத்தை இப்போது மாற்ற முடியாது. க்யூட் நிலையில் இருக்கும்வரைதான் டிஸ்க் வடிவத்தை மாற்ற விடும். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

விஎம்வேரிலிருந்து கொண்டுவருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓவிஏ என்பது ஒரு டார் பொட்டலம். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் விஎம்டிகேவை எடுத்து, க்யூகவ்2 ஆக மாற்றி ஏற்றுங்கள். ஹைப்பர்-வியின் விஎச்டி வடிவத்துக்குக் கிளான்ஸில் விஎச்டி என்றுதான் பெயர். க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி கட்டளையில் அதே வடிவத்துக்கு விபிசி என்று பெயர்.

கே: உபுண்டு இமேஜுக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் என்ன?

ப: பெயர் உபுண்டு. கடவுச்சொல் கிடையாது. கணினியை உருவாக்கும்போது கொடுத்த எஸ்எஸ்எச் சாவியை கிளவுட்-இனிட் (இமேஜுக்குள் இருந்து கணினியைத் தயார்படுத்தும் நிரல்) 169.254.169.254 முகவரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கும். சாவி ஏற்கப்படவில்லை என்றால் இமேஜைக் குறை சொல்லும் முன் அந்த முகவரி கணினிக்குள்ளிருந்து எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். டெபியன் இமேஜில் பெயர் டெபியன். சிர்ரோஸுக்கு மட்டும் கடவுச்சொல் உண்டு: 0.4.0 பதிப்பில் பெயர் சிர்ரோஸ், சொல் 'கோகப்ஸ்கோ'.

கே: இரண்டு கன்ட்ரோலர்கள், முன்னால் எச்ஏபிராக்ஸி. ஒரே இமேஜிலிருந்து கணினி எழுப்பினால் ஒரு தடவை வருகிறது, மறுதடவை இமேஜ் கிடைக்கவில்லை என்கிறது.

ப: தரவுத்தளம் பொது, இமேஜ் கோப்போ எந்தக் கன்ட்ரோலர் வழியாக ஏறியதோ அதன் டிஸ்கில் மட்டும் இருக்கிறது. எச்ஏபிராக்ஸி மாற்றி மாற்றி அனுப்புவதால் பாதி தடவை தவறான வாசலில் போய்க் கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே சேமிப்பிடத்தைப் பார்க்க வேண்டும். அது என்எஃப்எஸ் ஆக இருக்கலாம், செஃப் ஆக இருக்கலாம், ஸ்விஃப்ட் ஆக இருக்கலாம். என்எஃப்எஸ் என்றால் கிளான்ஸ் பயனரின் யூஐடி எண் இரு கன்ட்ரோலர்களிலும் ஒன்றா என்று 'ஐடி கிளான்ஸ்' கொடுத்துப் பாருங்கள். பேக்கேஜ் நிறுவிய வரிசை மாறினால் எண்ணும் மாறியிருக்கும். பிறகு மேலே சொன்ன 410 ஒரு கன்ட்ரோலரில் மட்டும் வரும். ஆர்சிங்க் வைத்து இரண்டையும் ஒத்திசைப்பது வேண்டாம். இடைவெளியில் ஏறிய இமேஜுக்கு அது உதவாது.

இறக்குமதி முறையில் இமேஜ் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தரவு முதலில் ஒரு கன்ட்ரோலரின் ஸ்டேஜிங் கோப்புறையில் தங்கும். அடுத்த கட்டளை மற்றதற்குப் போனால் அங்கே தரவு இருக்காது. ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் ஒர்க்கர் செல்ஃப் ரெஃபரன்ஸ் யூஆர்எல் வரியில் அதன் சொந்த முகவரியைக் கொடுத்தால், தரவு வைத்திருப்பவரிடமே வேலையைத் திருப்பிவிடும்.

கே: செஃப் பொருத்தினால் கணினி நொடியில் எழும் என்றார்கள். 20 ஜிபி இமேஜுக்கு இன்னும் பல நிமிடங்கள் ஆகின்றன. பழைய இமேஜை அழிக்கவும் முடியவில்லை.

ப: நொடியில் எழுவதற்குக் காரணம் குளோனிங். இமேஜை நகலெடுக்காமல், செஃபுக்குள்ளேயே அதன் ஸ்னாப்ஷாட் மேல் ஒரு குளோனை நிறுத்துகிறார்கள். மாறும் பகுதி மட்டும் புதிதாக எழுதப்படும். இதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்று தவறினாலும் அமைதியாகப் பழைய முறைக்குப் போய்விடும், முழு இமேஜையும் இறக்கி மறுபடி ஏற்றும். பிழைச் செய்தி வராது என்பதால்தான் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை.

முதலாவது, இமேஜ் ரா வடிவத்தில் இருக்க வேண்டும். க்யூகவ்2வைக் குளோன் செய்தால் கணினிக்குள் க்யூகவ்2 தலைப்புதான் தெரியும், அதனால் நோவா அதை முதலில் பிரித்தாக வேண்டும். உங்களிடம் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறோம். 'க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி கன்வர்ட்' வழியாக ரா ஆக்கி ஏற்றுங்கள். இறக்குமதி முறையில் இமேஜ் கன்வர்ஷன் செருகியை இயக்கி, வெளியீட்டு வடிவம் ரா என்று கொடுத்தால் கிளான்ஸே மாற்றித் தரும்; அதற்கு ஸ்டேஜிங் கோப்புறையில் விரிந்த அளவுக்கும் மேல் இடம் வேண்டும்.

இரண்டாவது, ஷோ இமேஜ் டைரக்ட் யூஆர்எல் வரி ட்ரூ என்று இருக்க வேண்டும். இமேஜ் செஃபில் எங்கே இருக்கிறது என்பது அதன் மூலம்தான் நோவாவுக்கும் சிண்டருக்கும் (வால்யூம் டிஸ்குகளைத் தரும் சேவை) தெரியும். அதே தகவல் பயனர்களுக்கும் தெரிந்துவிடும் என்பதால், வெளியாருக்குத் திறந்த கிளவுடில் பொதுமக்களுக்கு ஒரு கிளான்ஸ்-ஏபிஐ, உள் சேவைகளுக்கு இந்த வரி போட்ட இன்னொன்று என்று பிரித்து வையுங்கள். மூன்றாவது, நோவாவின் லிப்விர்ட் பகுதியில் இமேஜஸ் டைப் ஆர்பிடி (செஃப் தரும் டிஸ்க் வகை). நான்காவது, நோவாவும் சிண்டரும் பயன்படுத்தும் செஃப் பயனருக்கு இமேஜஸ் பூலில் படிக்கும் உரிமை. எல்லோரும் ஒரே செஃப் கிளஸ்டரில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ரா என்றால் 20 ஜிபியும் பூலில் அடைத்துக்கொள்ளுமே என்ற கவலைக்கு ஆர்பிடி தின் ப்ரொவிஷனிங் வரி பதில். இயல்பில் அது அணைந்திருக்கும். இயக்கினால் வெறும் சுழியம் கொண்ட பகுதிகள் எழுதப்படாமல் விடப்படும். ஏற்றும் நேரமும் குறையும்.

அழிக்க முடியாததும் குளோனிங்கின் விளைவே. அந்த இமேஜின் மேல் இன்னும் கணினிகள் நிற்கின்றன. 'ஆர்பிடி சில்ட்ரன்' கட்டளையில் இமேஜின் அடையாள எண்ணும் 'அட் ஸ்னாப்' என்பதும் கொடுத்தால் யார் யார் என்று தெரியும். ஒவ்வொன்றையும் 'ஆர்பிடி ஃப்ளாட்டன்' செய்து தனியாக்கலாம். அத்தனைக்கும் இடம் தேவை, கிளஸ்டருக்கும் சுமை. பழைய இமேஜைப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதை ஹிடன் என்று குறித்துவிடுங்கள். புதியவர்களுக்குத் தெரியாது, ஏற்கெனவே ஓடும் கணினிகளை மீண்டும் கட்டவும் அது உதவும். எங்கள் பரிந்துரை இதுவே.

கே: விண்டோஸ் இமேஜ் நீலத்திரையில் 0எக்ஸ்7பி என்று நிற்கிறது.

ப: பூட் டிஸ்கை எட்ட முடியவில்லை என்று அதற்குப் பொருள். கேவிஎம் கொடுக்கும் விர்ட்ஐஓ டிஸ்கை விண்டோஸுக்குத் தானாகத் தெரியாது. இமேஜ் தயாரிக்கும்போதே விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இணைத்து, விர்ட்ஐஓ டிஸ்க் என்றால் விஐஓஸ்டோர், விர்ட்ஐஓ-ஸ்கசி என்றால் விஐஓஸ்கசி, நெட்வொர்க்குக்கு நெட்கேவிஎம் டிரைவர்களைப் போடுங்கள். பிறகு கிளவுட்பேஸ்-இனிட் (விண்டோஸில் கிளவுட்-இனிட் வேலையைச் செய்வது), கடைசியாக சிஸ்பிரெப் (விண்டோஸை நகலெடுக்கத் தயாராக்கும் கருவி). டிரைவர் இல்லாத இமேஜை அவசரத்துக்கு எழுப்ப எச்டபிள்யூ டிஸ்க் பஸ் பண்பை சாட்டா என்று வைக்கலாம்; வேகம் குறையும். ஓஎஸ் டைப் பண்பில் விண்டோஸ் என்று எழுத மறக்காதீர்கள், கணினியின் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுவது அதைப் பொறுத்தது.

பண்பை இமேஜில் மாற்றினாலும் ஏற்கெனவே உருவான கணினி மாறாது. பிறந்தபோது இருந்த பண்புகளை நோவா தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய கணினி எழுப்பித்தான் சோதிக்க வேண்டும்.

கே: மாணவர்கள் தங்கள் சொந்த இமேஜ்களை ஏற்ற அனுமதிக்கலாமா?

ப: அனுமதிக்கலாம், ஆனால் சர்வர்கள் புதுப்பிக்கப்பட்ட நிலையில் இருந்தால் மட்டும். 2024 ஜூலையில் வெளியான சிவிஇ-2024-32498 என்ற பாதுகாப்பு ஓட்டை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். க்யூகவ்2 கோப்பு, தன் தரவு வேறொரு கோப்பில் இருப்பதாகத் தலைப்பில் குறிக்க முடியும். அங்கே சர்வரின் சொந்தக் கோப்பொன்றின் பாதையை எழுதி ஏற்றினால், இமேஜை மாற்றும் வேளையில் சர்வர் தன் கோப்பையே படித்துக் கொடுத்துவிடும். கிளான்ஸ், நோவா, சிண்டர் மூன்றையும் அது தொட்டது. விஎம்டிகே வடிவத்தில் இதே போன்ற ஓட்டை 2023 ஜனவரியில் சிவிஇ-2022-47951 என்ற எண்ணில் வந்தது. மூன்று சேவைகளுக்கும் திருத்தம் போட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் போதாது.

அதோடு, இமேஜ் ஃபார்மட் பகுதியில் டிஸ்க் ஃபார்மட்ஸ் பட்டியலை ரா, க்யூகவ்2, ஐஎஸ்ஓ என்று சுருக்குங்கள். தேவையில்லாத வடிவத்துக்கு வாசல் திறந்து வைக்கக் காரணமே இல்லை. முன்பின் தெரியாத கோப்பைக் கன்ட்ரோலரில் ரூட்டாக வைத்து ஆராயாதீர்கள். ஒதுக்கமான ஒரு மெய்நிகர் கணினியில், சாதாரணப் பயனராகப் பாருங்கள். பேக்கிங் ஃபைல், டேட்டா ஃபைல் என்ற வரிகள் வந்தால் ஏற்க வேண்டாம். பப்ளிக் ஆக்கும் உரிமை இயல்பில் அட்மினுக்கு மட்டுமே, அதை அப்படியே விடுங்கள். மாணவர் ஏற்றும் இமேஜ் ஷேர்டு என்ற நிலையில்தான் பிறக்கும். பெயர் அப்படி இருந்தாலும், உறுப்பினராக யாரையாவது சேர்க்கும்வரை அவருடைய புராஜெக்டுக்கு வெளியே தெரியாது.

கே: 300 ஜிபி இமேஜ்களை அழித்தும் கம்ப்யூட் சர்வர்களில் இடம் திரும்பவில்லை.

ப: கிளான்ஸ் தன் டிஸ்கிலிருந்து அழித்திருக்கும். கம்ப்யூட் சர்வர்களில் இருப்பது நோவாவின் நகல்கள்: /வார்/லிப்/நோவா/இன்ஸ்டன்சஸ்/_பேஸ். எந்தக் கணினியும் பயன்படுத்தாத நகலை இயல்பாக 86,400 நொடி, அதாவது ஒரு நாள், கழித்துத்தான் நோவா நீக்கும். கையால் அழிக்காதீர்கள். அதன் மேல் க்யூகவ்2 கணினி ஒன்று நின்றுகொண்டிருந்தால் அந்தக் கணினியின் டிஸ்க் அத்தோடு போயிற்று.